ஐயர் சொல்லாத வார்த்தை

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். திருவண்ணாமலை போன்ற கோயில் ஊரில் இது கொஞ்சம் சங்கடமான வழக்கம். வெளியூர் உறவுக்காரர்கள் ஸ்டேஷனில் இறங்கிக் குதிரை வண்டிக்காரரிடம் "ஐயர் வீட்டுக்குப் போப்பா" என்பார்கள். அவர் நேராகப் பெரிய கோயில் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அப்படியும் நாங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளாமல் இருப்பதில் எங்கள் சபையார் கெட்டிக்காரர்கள். நானும் அந்த ரகம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. அப்போது இது வெறும் தாலுகா ஊர். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். நான் பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் வேலை பார்த்தார், சபைக் கமிட்டியிலும் இருந்தார். கமிட்டியில் பெண்கள் கிடையாது. எங்களுக்கென்று மாதர் சங்கம் இருந்தது, நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சைப் பெருக்கும் வேலை இருந்தது, பூக்கட்டும் வேலை இருந்தது.

அந்த வருஷம் புது ஐயர் ஒருவர் வந்தார். சின்ன வயசு. மனைவி, கைக்குழந்தை, ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம். பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்தவர். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியதும், புதன்கிழமை சாயங்காலங்களில் மாதர் சங்கத்துக்கு வேதபாடம் எடுக்கிறேன் என்று அவராகவே சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம். அதற்கு முன்பிருந்த ஐயர்கள் எங்களிடம் பேசியதெல்லாம் காணிக்கை உண்டியலைப் பற்றித்தான்.

முதல் புதன்கிழமையே குண்டு விழுந்தது. சுவிசேஷங்கள் இயேசு மரித்து ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து எழுதப்பட்டவை என்றார். எழுதியவர்களில் பலர் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை என்று மேல்நாட்டு அறிஞர்கள் சொல்கிறார்களாம். ஆதிச் சபை தன் ஆராதனையில் சொல்லிக்கொண்டதெல்லாம் போகப்போக இயேசுவின் வாயில் ஏறிவிட்டதாம். "சரித்திரத்துல வாழ்ந்த இயேசு வேற, சபை விசுவாசிக்கிற கிறிஸ்து வேற. ரெண்டையும் பிரிச்சிப் பாக்கணும்னு சொல்றாங்க" என்றார். நிதானமாக, பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில்தான் சொன்னார்.

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. அதிலும் சரித்திரம் என்ற வார்த்தையை அவர் எடுத்ததுதான் ஜாஸ்தி எரிச்சல். என் பாடத்தை வைத்து என் விசுவாசத்தையே அடிக்கிறாரே என்றிருந்தது. வீட்டுக்கு வந்து சாதம் வடிக்கும்போது கஞ்சியோடு பாதிச் சோற்றையும் கொட்டிவிட்டேன்.

சபையில் விஷயம் பரவியது. கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்டிப்பான மனிதர், வேதத்தில் ஒரு புள்ளிகூட மாறாது என்பவர். நானும் அதையேதான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அவருடைய வைத்தியம் எனக்குப் பிடிக்கவில்லை. "அந்த மாதிரி புத்தகத்தத் தொடவே கூடாது டீச்சர். ருசி பாத்துதான் விஷம்னு தெரிஞ்சிக்கணுமா?" என்றார்.

"கேள்வின்னு ஒண்ணு வந்துட்டா பதில் வேணுமே சார்" என்றேன்.

"கேக்கறவன வெளிய அனுப்பிட்டா கேள்வியும் போயிடும்" என்றார்.

எனக்கு அந்த வழி ஒத்துவராது. வகுப்பில் தப்பாகக் கேள்வி கேட்கிற பெண்ணை நான் வெளியே நிறுத்தியதில்லை. உட்காரவைத்துப் பதில் சொல்லித் தோற்கடிப்பேன். இந்த ஐயரையும் அப்படித்தான் தோற்கடிப்பது என்று முடிவுசெய்தேன்.

அதற்குப் புத்தகம் வேண்டும். ஐயரின் டிரங்குப் பெட்டியில் கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியை சொன்னார். தன் நாட்டில் போதகராக இருந்து, வேத பாடமும் நடத்தி, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை போனோம். புடவை கட்டிய இரண்டு டீச்சர்கள் இயேசுவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தேகப்படுகிறவர்கள் எழுதியது ஒன்று, அவர்களுக்குப் பதிலாகப் பழைய விசுவாசக்காரர்கள் எழுதியது ஒன்று, இரண்டு புத்தகம் கொடுத்தார்.

நான் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கள் ஏன் ஊழியத்தை விட்டீர்கள் என்று கேட்டேன். முதல் சில வருஷங்கள் 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள்' என்றுதான் மாணவர்களிடம் சொல்லிவந்தேன், ஒருநாள் அந்த 'சிலர்' உதிர்ந்துவிட்டது, நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன் என்றார் ஆங்கிலத்தில். கோபமில்லாமல், வருத்தமும் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் பயமாக இருந்தது. எங்கள் ஐயரும் இங்கேதான் வந்து சேரப்போகிறாரோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு புத்தகங்களையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சந்தேகப் புத்தகம் வழுவழு என்று எழுதியிருந்தது. பதில் புத்தகம் எழுதியவருக்குப் பாதிப் பக்கம் கோபத்திலேயே போய்விட்டது. என் கட்சிக்காரர் இன்னும் கொஞ்சம் பொறுமையாக எழுதியிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிற காலத்தில் கதை இஷ்டத்துக்கு வளர முடியாது, வளரவிட மாட்டார்கள்.

இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. எங்கள் கோயில் கோபுரத்தில் மணி ஏற்றியபோது கயிறு அறுந்து மணி கீழே விழுந்த கதை சபையில் எல்லோருக்கும் தெரியும். அது நடந்து அப்போது நாற்பது வருஷம் இருக்கும். அதை நேரில் பார்த்த வயசான பெண்கள் நான்கு பேர் மாதர் சங்கத்தில் இருந்தார்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டேன். ஒருவர் மழைக்காலம் என்றார், ஒருவர் பங்குனி வெயில் என்றார். கயிற்றை இழுத்தது எட்டுப் பேர் என்றும் ஊரே இழுத்தது என்றும் சொன்னார்கள். மணி விழுந்ததிலும், அப்போதிருந்த வெள்ளைக்கார மிஷன் துரை அலறியதிலும், யாருக்கும் காயமில்லை என்பதிலும் எல்லோரும் ஒரே வாக்கு.

அடுத்த புதன்கிழமை இதை ஐயர் முன்னால் வைத்தேன். "நாப்பது வருஷம் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல ஐயரே. இதோ உக்காந்திருக்காங்க சாட்சிங்க. சின்ன விஷயத்துல மாறுது, பெரிய விஷயத்துல மாறல. சுவிசேஷமும் அப்படித்தான்."

அவர் ஆர்வமாகக் கேட்டார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்வேன். பிறகு மெதுவாக, "மணி விழுந்துச்சினு நாலு பேரு சொன்னா நம்பிடலாம் டீச்சர். விழுந்த மணி தானா எழுந்து மேல போச்சினு நாலு பேரு சொல்லியிருந்தா?" என்றார்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மணியைப் பார்த்த நான்கு பேரும்கூடச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கெட்டிக்காரன்தான் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் சந்தேகப் புத்தகத்தில் இருந்ததிலேயே மோசமான பகுதியை நானே எடுத்தேன். சிலுவையில் கொல்லப்பட்டவர்களுக்கு ரோமர்கள் கல்லறை கொடுக்க மாட்டார்கள், குழியில் போடுவார்கள், நாய் இழுக்கும். கல்லறைக் கதை பின்னால் வந்தது என்று அதில் இருந்தது. "இதுக்கு நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன வார்த்தைகள் இவை: "அப்படி சிலர் எழுதறாங்க. நான் அப்படிச் சொல்லல. என்ன நடந்துச்சினு கேட்டா எனக்குத் தெரியாதுனுதான் சொல்வேன். ஆனா இப்படியும் எழுதறாங்கனு நீங்க தெரிஞ்சிக்கணும்."

எனக்கு இது போதவில்லை. ஐயராக இருந்துகொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்லலாம்? பயங்கர சண்டை போட்டேன். அன்றைக்குக் கூட்டம் ஜெபம்கூட சரியாகச் சொல்லாமல் கலைந்தது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. கூட்டத்துக்கு வந்த யாரோ ஒருத்தி வீட்டில் பாதி சொல்லியிருக்கிறாள். மீதியைக் கேட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். குருத்தோலை ஞாயிற்றுக்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. 'இயேசுவின் உடம்பை நாய் தின்றுவிட்டது என்று ஐயர் பிரசங்கம் பண்ணினார்.' குருத்தோலை பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே இதைப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

தலைமையாசிரியர் மனு எழுதினார். இந்த ஐயர் ஈஸ்டர் ஆராதனை நடத்தக் கூடாது, ஊழியத்திலிருந்தே நீக்க வேண்டும். மேலிடத்திலிருந்து ஒரு மூத்த ஐயர் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை விசாரிக்க வருவதாக ஏற்பாடாயிற்று. என் வீட்டுக்காரரின் கையெழுத்துக்காகத் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"டீச்சர்தான் நேருக்கு நேரா எதிர்த்து நின்னாங்க. ரொம்பப் பெருமை" என்றார்.

என் வீட்டுக்காரர் பேனாவை மூடியோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ அங்கதான இருந்த? அப்படிச் சொன்னாரா?"

"சொல்லல. சிலர் எழுதறாங்கனு சொன்னாரு. நான் சொல்லலனும் சொன்னாரு" என்றேன்.

"அப்ப நான் போடல சார்" என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

தலைமையாசிரியருக்கு என்மேல் ஆச்சரியம். "நீங்களே அவரு சொல்றது தப்புனுதான சொன்னீங்க?"

"தப்புதான் சார். அதுக்காக அவரு சொல்லாதத சொன்னதா எழுதலாமா?"

"நாங்க விசாரிச்சிட்டோம்மா" என்று எழுந்து போய்விட்டார். யாரை விசாரித்தார்? அந்த அறையில் இருந்த ஒரு பெண்ணைக்கூட விசாரிக்கவில்லை. பெண்களின் புருஷன்மாரை விசாரித்திருக்கிறார்.

அப்போது எனக்கு முந்தின வருஷத்துக் கார்த்திகைத் தீபம் ஞாபகம் வந்தது. தீபக் கூட்டத்தில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து எங்கள் கோயில் காம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டது. நானும் இரண்டு டீச்சர்களும் பக்கத்தில் நின்று பார்த்தோம். பச்சை லாரி, முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. கமிட்டியில் போய்ச் சொன்னோம். "ஆம்பளைங்க யாரும் பாக்கலயா?" என்றார்கள். புழுதி அடங்கின பிறகு எட்டிப்பார்த்த டீக்கடைக்காரர் நீல லாரி என்றார். நீல லாரிக்காரனோடு மூன்று மாசம் சண்டை போட்டார்கள். அவன் தீபத்தன்று திருவண்ணாமலைக்கே வரவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது.

இதை நினைத்துக்கொண்டே அன்று வேதத்தை எடுத்து, உயிர்த்தெழுதலைப் படித்தேன். எத்தனையோ தடவை படித்த பகுதிதான். முதலில் கல்லறைக்குப் போனது பெண்கள். அவர்கள் வந்து சொன்னதைச் சீஷர்கள் வீண்பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கதை கட்டுகிறவன் ஊர் நம்பக்கூடிய சாட்சியை அல்லவா வைப்பான்? பச்சை லாரியைப் பார்த்த எங்களையா வைப்பான்? பெரிய மனுஷர்கள் இரண்டு பேரை வைத்திருக்க மாட்டானா? பெண்களை எழுதியிருக்கிறார்கள் என்றால், நடந்தது அப்படி; மாற்ற முடியவில்லை. பதில் புத்தகத்திலும் ஓரமாக இது இருந்தது, நான்தான் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். அந்த லாரி ஞாபகம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

விழுந்த மணி எழுந்ததா என்று கேட்டாரே, அவருக்கு இதுதான் பதில் என்று வைத்துக்கொண்டேன். பரிசுத்த வாரத்தில் வேதபாடம் கிடையாது. ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

கமிட்டிக் கூட்டம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. பெண்கள் வரக் கூடாது. ஆனால் அன்று கோயிலைப் பெருக்கிக் கழுவுவதும், விடியற்காலைக்குப் பூக்கட்டுவதும் எங்கள் வேலை. ஈஸ்டர் அன்று இருட்டிலேயே பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு பெண்கள் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். ஆண்கள் பாட்டோடு பின்னால் வருவார்கள். அதனால் எங்களை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. விளக்குமாறு வைத்திருப்பவர்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பலிபீடத்துக்கு முன்னால் மேஜை. மூத்த ஐயர் மனுவை வாசித்தார். எங்கள் ஐயர் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். பாவம், தூங்கி இரண்டு மூன்று நாள் ஆனவர் முகம். "நான் அப்படிச் சொல்லல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

"கேட்டவங்க நெறைய பேரு இருக்காங்க" என்றார் தலைமையாசிரியர்.

நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் போனேன். "கேட்டவங்க நாங்கதாங்க. எங்களக் கேளுங்க" என்றேன்.

கமிட்டி முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

மூத்த ஐயர் நல்ல மனிதர். "சொல்லும்மா" என்றார். நான் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். பின்னாலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஆமாம் என்றார்கள். ஒருத்தி அவர் நின்றுகொண்டு சொன்னார் என்றாள், இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டு என்றாள். தலைமையாசிரியர் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? நின்னாரா உக்காந்தாரானுகூட ஒத்து வரல. பொம்பளைங்க பேச்ச வெச்சி சபை முடிவெடுக்க முடியுமா ஐயா?"

"முடியாதுங்களா சார்?" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "அப்ப நாளைக்கி விடியக்காலைல கல்லறைத் தோட்டத்துக்கு வராதீங்க. அந்த சேதியும் பொம்பளைங்க வந்து சொன்னதுதான். அன்னிக்கும் வீண்பேச்சுனுதான் சொன்னாங்க."

பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது. மூத்த ஐயர் மனுவை மடித்துத் தன் அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கி ஆராதனைய இவரே நடத்தட்டும்" என்றார். தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர்தான் அவரும். அவர் காத்தது எதுவோ அதைத்தான் நானும் காத்தேன். காத்த வழி வேறு.

எல்லோரும் போன பிறகு ஐயர் வாசற்படிக்கு வந்தார். "டீச்சர், அது எனக்காக வெச்சிருந்ததுதான?"

"ஆமாங்க. அடுத்த புதன்கிழமைக்கி வெச்சிருந்தேன்."

"எனக்கு எதிரா."

"பின்ன? பதில் சொல்லுங்க."

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல டீச்சர். ஆனா பதில் இல்லங்கறதால நான் நம்பிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. யோசிக்கணும்" என்றார்.

எனக்கு ஏமாற்றம். சின்ன ஏமாற்றம் இல்லை. "சரிங்க. நீங்க சொல்லாதத சொன்னதா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

மறுநாள் அவர் ஆராதனையை நடத்தினார். கல்லறைத் தோட்டத்தில் வேதத்திலுள்ளதை வாசித்தார், பெண்களைப் பற்றி நாலு வார்த்தை பேசினார், ஜெபம் பண்ணினார். அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் சபையில் இப்போது இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். டீச்சர் கேட்ட கேள்வியில் ஐயர் உடைந்துபோய், ஈஸ்டர் விடியலில் கல்லறைகளுக்கு நடுவே முழங்கால் போட்டுக் கதறி, நான் விசுவாசிக்கிறேன் என்று சத்தம் போட்டாராம். சொல்கிறவர்கள் என் கட்சிக்காரர்கள், எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துச் சொல்கிறார்கள். போன ஈஸ்டருக்கு ஒரு வாலிபன் மைக்கிலேயே சொன்னான். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது ஆண்டவருக்குத் தெரியும். இருந்தாலும் முழங்கால் வலியோடு எழுந்து நின்றேன். "தம்பி, அவரு அழல. முழங்கால் போடல. யோசிக்கணும்னு சொன்னாரு. நான் அங்க இருந்தேன்" என்றேன். நான் உயிரோடு இருக்கிறவரை அந்தக் கதை வளராது.